மோழை எருமையின் முதுகு

அந்தக் காலத்தில் ஆடுமாடுகளும் பறவைகளும் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்தன. சைக்கிள் அப்போதுதான் வந்திருந்தது. சக்கரம், சங்கிலி, மணி எல்லாம் அதில் இருந்தன. உட்காருவதற்கு மட்டும் ஒரு பலகை. சாப்பிட உட்காரும் மணையை எடுத்து ஆணியடித்து வைத்தது போலிருக்கும். அக்கம்பக்கம் போய்வருகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்ததால் யாரும் குறை சொல்லவில்லை.

அங்காயிக்குத்தான் அது போதவில்லை. அவள் மருத்துவச்சி. மலையடிவாரத்தில் இருந்த பதினொரு ஊர்களுக்கும் அவள் ஒருத்திதான் பிரசவம் பார்ப்பாள். நடந்து போய்ச் சேருவதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது என்று பதினொரு ஊரும் சேர்ந்துதான் அவளுக்கு அந்தச் சைக்கிளை வாங்கிக் கொடுத்திருந்தன. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடையில் எண்ணெயும் வெள்ளைத் துணியும் வைத்துக்கொண்டு, மணியடித்தபடி அவள் வந்தால், பாதையில் படுத்திருக்கும் காளைகூட எழுந்து, "யார் வீட்டுல ஆத்தா விசேஷம்?" என்று கேட்டு வழிவிடும்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மேட்டுக்காட்டிலிருந்து ஆள் வந்தது. பதினொரு ஊர்களில் அதுதான் கடைசி. விடிந்ததும் கிளம்பினால் உச்சிப்பொழுதுக்குத்தான் போய்ச் சேரலாம். பாதி தூரம் போவதற்குள் அங்காயிக்கு இடுப்புக்குக் கீழே தீயாய் எரிந்தது. தொடை மரத்துப்போனது. எழுந்து நின்றபடி கொஞ்ச தூரம் மிதித்துப் பார்த்தாள். முடியவில்லை. இறங்கி, மீதி வழி முழுவதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்துவிட்டிருந்தது. கழுத்தில் கொடி சுற்றி, உடம்பெல்லாம் நீலம் பாரித்து, சத்தமில்லாமல் கிடந்தது. அங்காயி கொடியை விலக்கினாள். வாயில் ஊதினாள், முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைத் தட்டினாள். இனி இல்லை என்று வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் அது வீறிட்டு அழுதது. அங்காயி வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பெற்றவளின் அண்ணி பாவாயி அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, எனக்கும் ரெண்டு மாசம் ஆகுது. தையில ஆகும்போல. இதுக்கு முன்னால ரெண்டும் தங்கல. நீங்க வந்து சேர்றதுக்குள்ள போயிருச்சு."

பாவாயி அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அங்காயிக்கு அது நெஞ்சில் தைத்தது.

"இந்தத் தடவை நேரத்துக்கு வருவேன் பாவாயி," என்றாள்.

அங்காயியின் புருஷன் செங்கோடன், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தோல்பைகளைத் தைப்பவன். வீட்டுக்கு வந்ததும் அவள் அவனிடம், "ஏனுங்க, மொதல்ல அந்தப் பலகையைக் கழட்டிப் போடுங்க," என்றாள். அவளால் நேராக உட்காரக்கூட முடியவில்லை. அவன் நொச்சித் தழை போட்டு வெந்நீர் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்தான்.

முற்றத்தில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி சொன்னது: "உட்கார்றதைப் பத்தி என்கிட்டக் கேளுங்க. இருபத்தோரு நாள் ஒரே இடத்துல உட்கார்றேன். மெத்துன்னு இருக்கணும், அகலமா இருக்கணும்."

செங்கோடன் இலவம்பஞ்சை அடைத்துப் பெரிய தலையணை போல ஒரு சீட்டு தைத்தான். தெருமுனை வரைக்கும் அது சொர்க்கமாக இருந்தது. மூன்றாவது ஊரைத் தாண்டுவதற்குள் பஞ்சு அமுங்கி, அவள் அதற்குள் புதைந்து, இரண்டு தொடையும் உரசித் தோல் உரிந்துவிட்டது.

"கோழிக்கு என்ன தெரியும்?" என்றது வெள்ளாடு. "நான் குட்டிச்சுவரு மேலயே நிக்கறவ. குறுகலா இருந்தாத்தான் சௌகரியம்."

உருட்டுக்கட்டையைச் செதுக்கி வைத்துப் பார்த்தான். அங்காயி குளத்துக்கரையைக்கூடத் தாண்டவில்லை.

"ரெண்டு நாள் படுத்து எந்திரி புள்ளே," என்றான் செங்கோடன்.

"பாவாயி வயிறு எனக்காக நிக்குமாங்க?"

ஆவணி வந்தது. பக்கத்து ஊரில் ஒரு பிரசவம் முடித்துவிட்டு அங்காயி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முந்தின நாள் மழையில் குளத்தோரம் களிமண் குழைந்து கிடந்தது. வலி தாங்காமல், ஈரத்தின் குளிர்ச்சிக்கு ஆசைப்பட்டு, புடவையைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் அப்படியே அதில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் அழவும் செய்தாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள்.

ஆள்காட்டிக் குருவி ஒன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அது யாருக்கும் மரியாதை கொடுத்துப் பேசாது.

"ஏய் அங்காயி! உன் தடத்தைத் திரும்பிப் பாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். களிமண்ணில் லேசாகப் பதிந்த தடத்துக்குள் இரண்டு குழிகள் மட்டும் ஆழமாக இருந்தன.

"நீ உடம்பு பூராவாலும் உட்கார்றதா நெனச்சுட்டு இருக்கறே," என்றது குருவி. "ரெண்டு எலும்புலதான் உட்கார்றே. அந்த ரெண்டுக்கும் இடம் பார்த்தியா நீ?"

அங்காயி சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் புருஷனை அழைத்து வந்தாள். அவன் மண்டியிட்டு இரண்டு குழிக்கும் நடுவே விரலை வைத்து அளந்தான். ஏழு விரற்கடை.

"அப்ப பின்னால இதுக்குத் தகுந்த அகலம் வேணும்," என்றான்.

"முன்னால அகலம் வேண்டாமுங்க. மிதிக்கறப்பக் கால் வீச வழி வேணுமல்ல?"

அவன் குச்சியால் களிமண்ணில் கோடு போட்டான். பின்னால் அகலம், முன்னால் வரவர ஒடுங்கி மூக்கு மாதிரி ஒரு முனை. மறுநாளே இரும்புக் கம்பியை வளைத்து அவன் சட்டம் செய்துவிட்டான். அதன்மேல் எதை இழுத்துக் கட்டுவது என்பதுதான் தெரியவில்லை. ஆட்டுத்தோல் இரண்டே நாளில் தூளி மாதிரி தொங்கிவிட்டது.

"என் தோல் தொய்யாது ஆத்தா."

கொட்டிலில் படுத்திருந்த எருமைதான் அப்படிச் சொன்னது. அதற்குக் கொம்பு கிடையாது. அதனால் மோழை என்றே பெயர். அது பிறந்த அன்றே அதன் தாய் செத்துப்போக, அங்காயிதான் பாலில் விரலை நனைத்து நனைத்து ஊட்டி அதை வளர்த்தாள். இப்போது அதற்குப் பல் எல்லாம் விழுந்து, கம்பங்கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருந்தது.

"வாயை மூடு மோழே," என்றாள் அங்காயி.

"கோவிச்சுக்காதே. இந்தப் புரட்டாசியை நான் தாண்டமாட்டேன். எனக்கே தெரியுது. மண்ணுக்குள்ள போறதுக்குப் பதிலா உன்கூட ஊர் ஊரா வர்றேனே."

அங்காயி மூன்று நாள் அதனுடன் பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்துவிடுவாள். நாலாம் நாள் போய் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள்.

"அப்ப ஒரு வாக்குக் கொடு," என்றது மோழை. "காய்ஞ்ச பின்னால நான் உன்னை மறந்திருப்பேன். முரண்டு பிடிப்பேன். அதுக்காக என்மேல தலையணை போட்டுறாதே. நடுவுல பஞ்சு இருந்தா உன்னை நான் எப்படி அடையாளம் கண்டுக்கறது? பொறுத்துக்கோ. ஒரு தடவை தெரிஞ்சுட்டா அப்பறம் மறக்கமாட்டேன்."

"வேற யாராவது உட்கார்ந்தா?" என்று கேட்டான் செங்கோடன்.

மோழை மூக்கால் உஸ்ஸென்று மூச்சுவிட்டது. "உட்காரட்டும். அவங்களுக்கெல்லாம் இடம் குடுக்க நான் என்ன அவங்க கையிலயா பால் குடிச்சேன்?"

அங்காயி அதன் நெற்றியில் கைவைத்து வாக்குக் கொடுத்தாள்.

புரட்டாசி பாதியில், அங்காயியின் மடியில் தாடையை வைத்தபடி மோழை போய்ச் சேர்ந்தது. செய்ய வேண்டியதைச் செங்கோடன் ஒருவனே செய்தான். அன்று முழுவதும் அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. தோலை ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாற்பது நாள் ஊறவைத்துப் பதப்படுத்தி, ஈரத்தோடு சட்டத்தில் இழுத்துக் கட்டி, நிழலில் காயவைத்தான்.

கார்த்திகையில் அவள் ஏறி உட்கார்ந்தாள். கல்மேல் உட்கார்ந்தது போலிருந்தது. மூன்றாம் நாள் அவள் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்துச் செங்கோடன் பழைய பஞ்சுத் தலையணையை எடுத்து வந்தான்.

"ஒரு வாரத்துக்கு மட்டும் போட்டுக்க புள்ளே. அதுக்கா தெரியப்போகுது?"

"வேண்டாமுங்க. வாக்குக் கொடுத்துட்டேன்."

சாயங்காலம் ஆனால் சீட்டின் அடிப்பக்கத்தில் விளக்கெண்ணெய் தடவி, "நான்தான் மோழே, அங்காயி," என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பாள். பதில் வராது. மறுநாள் காலையில் மறுபடியும் ஏறுவாள். முதலில் ஓர் ஊர், பிறகு இரண்டு ஊர், பிறகு நாலு ஊர் என்று தூரத்தைக் கூட்டினாள். மார்கழி முடிகிற சமயம் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த செங்கோடன் கை சட்டென்று நின்றது. தோலில் இரண்டு பள்ளம் விழுந்திருந்தது. விரல் வைத்து அளந்து பார்த்தான். ஏழு. அவளைக் கூப்பிட வாயெடுத்தவன், அப்படியே சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

தை பிறந்து ஒன்பதாம் நாள் காலை, ஆள்காட்டிக் குருவி கூரைமேல் வந்து கத்தியது.

"மேட்டுக்காடு! மேட்டுக்காடு! பாவாயிக்கு வலி எடுத்தாச்சு!"

அங்காயி அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஏறினாள். குளம் போனது, மூன்றாவது ஊர் போனது, போன தடவை இறங்கித் தள்ளிய மேடும் போனது. அவள் மனசெல்லாம் பாவாயியிடமே இருந்தது. மேட்டுக்காட்டு எல்லையில் நின்ற இலுப்பை மரத்தைக் கண்ட பிறகுதான், வழியில் ஒரு தடவைகூடச் சீட்டைப் பற்றித் தான் நினைக்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை.

குழந்தை கால் முன்னே வந்துகொண்டிருந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அங்காயி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, "மூச்சைப் பிடிக்காதே கண்ணு, நான் வந்துட்டேன்," என்று சொல்லிச் சொல்லிப் பக்குவமாக வெளியே எடுத்தாள். பெண் குழந்தை. வந்த உடனே ஊரே கேட்கிற மாதிரி அழுதது. பாவாயி அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டவள், குளிப்பாட்டக்கூட யாரிடமும் தர மறுத்துவிட்டாள்.

பாவாயியின் புருஷன் ராக்கியண்ணன், வெயிலில் நின்ற சைக்கிளை நிழலுக்குக் கொண்டுபோவதற்காக அதில் ஏறி உட்கார்ந்தான். உடனே நெளிந்தான். இந்தப் பக்கம் நகர்ந்தான், அந்தப் பக்கம் நகர்ந்தான், கடைசியில் இறங்கியே விட்டான்.

"என்னங்க அக்கா, இதுலயா இத்தனை தூரம் வந்தீங்க? எங்க உட்கார்ந்தாலும் குத்துதே!"

அங்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள். சீட்டைக் கையால் தடவிக்கொண்டே, "அது என்னை மட்டுந்தான் தெரிஞ்சு வெச்சிருக்குது தம்பி," என்றாள்.

ராக்கியண்ணன் தனக்கும் ஒன்று வேண்டுமென்று செங்கோடனிடம் வந்தான். செங்கோடன் முதலில் அவனைக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய்க் களிமண்ணில் உட்காரவைத்து அளந்தான். அவனுக்கு ஆறு விரற்கடைதான். அவனுக்குப் பின்னால் பதினொரு ஊர்க்காரர்களும் வந்து உட்கார்ந்து எழுந்தார்கள். மலையைத் தாண்டியும் சேதி போனது.

அன்று முதல்தான், தூரம் போகிற சைக்கிளின் சீட்டு பின்னால் அகன்று முன்னால் ஒடுங்கியிருக்கிறது. புதுத் தோல் சீட்டு முதலில் சில நாள் முரண்டு பிடித்து, பிறகு உடையவரைத் தெரிந்துகொண்டு, வேறு யார் ஏறினாலும் நெளியவைக்கிறது.