மூக்கு வைத்த வெள்ளிச் செப்பு

முன்னொரு காலத்தில் கனகசேனர் என்றொரு அரசர் இருந்தார். எந்த நாட்டுக்கு என்று எனக்குக் கதை சொன்னவர்கள் சொல்லவில்லை.

ஒருநாள் கருவூலத்தைத் துப்புரவு செய்தபோது பழைய வெள்ளிச் சாமான் ஒன்று அகப்பட்டது. எலுமிச்சம்பழ அளவில் மூடிய செப்பு. பக்கத்தில் கொக்கின் கழுத்துபோல வளைந்த மூக்கு, உச்சியில் பட்டாணி அளவு துளை. பன்னீர் தெளிக்க என்றார் ஒருவர், விளக்குக்கு எண்ணெய் விட என்றார் இன்னொருவர். அரசருக்கு எதுவும் ஒப்பவில்லை.

விகடகவி மாசிலாமணிமேல் மந்திரி உத்தண்டருக்கு வெகுநாளாகப் பொறாமை. "யூகத்தை யாரும் சொல்லலாம், பிரபு. அந்தப் பொருளே தன் உபயோகத்தைச் சொல்லட்டும். விகடகவி சொல்ல வைப்பார்" என்றார்.

அரசருக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. மூன்றாம் நாள் சபையில் செப்பு தானே சொல்ல வேண்டும், மாசிலாமணி வாய் திறக்கக் கூடாது, தவறினால் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிட்டார்.

மாசிலாமணியின் மனைவி அன்றே பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். அவரோ செப்பில் தண்ணீர் ஊற்றிச் சாய்த்தார். உச்சித் துளையை விரலால் அடைத்தால் நின்றது. விரலை எடுத்தால் சொட்டியது. இப்படிச் சொட்டுச் சொட்டாக யாருக்கு எதைக் கொடுப்பார்கள்? வைத்தியர்களைக் கேட்டார், தெரியவில்லை. கடைசியில் மருத்துவச்சி செங்கமலத்திடம் போனார். அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதன் பழைய கதையைச் சொன்னாள்.

சொல்லி முடித்ததும் கேட்டாள்: "ஐயா, இதை ரெண்டு நாள் என்கிட்டே விடுவீங்களா? நெசவாளி வீட்டில் ஒரு குழந்தை எட்டாம் மாதமே பிறந்திருக்கு. பால் உறிஞ்சத் தெம்பில்லை. பஞ்சுத் திரியில் நனைச்சுக் கொடுத்துப் பார்த்தேன், தேறவில்லை."

மாசிலாமணி மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவர் சபையில் வாய்மூடி நின்றார். நெசவாளியின் மனைவி குழந்தையோடு வந்தாள். அது பூனைக்குட்டிபோல ஈனக்குரலில் அழுதது. செங்கமலம் செப்பின் மூக்கை அதன் உதட்டில் வைத்து, விரலை எடுத்தும் அடைத்தும் பால் சொட்டினாள். அழுகை நின்றது. சபை முழுவதும் குழந்தை விழுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

"செப்பு ஒரு வார்த்தையும் பேசவில்லையே" என்றார் உத்தண்டர்.

"எனக்குத் தெளிவாகக் கேட்டது" என்று அரசர் வாய்விட்டுச் சிரித்தார். "மாசிலாமணி, இனி நீர் பேசலாம்."

"இதில் முதன்முதலாகப் பால் குடித்த குழந்தை தாங்கள், பிரபு."

அரசரின் சிரிப்பு அடங்கியது. செங்கமலம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அரசரும் குறைமாதக் குழந்தையாம். அவள்தான் தட்டாரிடம் சொல்லி இதைச் செய்வித்து, நாற்பது நாள் பாலூட்டினாளாம். பட்டத்துக்குரிய பிள்ளை பலவீனம் என்று வெளியே தெரியக் கூடாதென்று மகாராணி கேட்டுக்கொண்டதால் யாரிடமும் சொல்லவில்லையாம்.

அரசர் சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து அவளைக் கும்பிட்டார். "முப்பது வருஷமாக இதே ஊரில் இருந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாமல் போயிற்றே, அம்மா" என்றார். அவளுக்கு ஆயுள் முழுதும் மானியம் கொடுத்தார். மாசிலாமணிக்கு முத்துமாலை வழங்கி, அதை உத்தண்டர் கையாலேயே அணிவிக்கச் சொல்லி மறுபடியும் சிரித்தார்.

கருவூலக் காவலன் செப்பைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

"இரு. குழந்தை இன்னும் குடித்து முடிக்கவில்லை" என்றார் அரசர்.