விருத்தபுரியாரா, அல்லியூராரா?

தென்காசிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் செண்பகராமன் என்று ஒருவர் இருந்தார். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் சங்கிலியும் கல்லுமாக அலைந்து ஓய்வு பெற்றவர். அறுபதாவது வயதில் அவருக்குப் பாட்டுக் கற்றுக்கொள்ள ஆசை வந்தது.

குளத்துத் தெருவில் மரகதம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். செண்பகராமனைவிட இருபது வயது இளையவர்.

"பேரப்பிள்ளை எடுக்கிற வயசுல சரிகமவா?" என்று தெரு சிரித்தது. மரகதம் சிரிக்கவில்லை. முதல் நாள் அவரை உட்காரவைத்து ஒரே ஒரு ஸ்வரத்தை ஒரு மணி நேரம் பாடச் சொன்னார். மறுநாளும் செண்பகராமன் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மரகதம் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

ஐந்து வருஷத்தில் அவர் விருத்தபுரியார் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

அந்த வட்டாரத்தில் பாட்டுக் கேட்கிறவர்கள் இரண்டு கட்சி. இருநூறு வருஷத்துக்கு முன் பாட்டுக் கட்டிய விருத்தபுரியார் ஒரு கட்சிக்குத் தெய்வம். அதே காலத்து அல்லியூரார் மற்றக் கட்சிக்கு. விருத்தபுரியார் பாட்டு கோபுரம் மாதிரி, நிலை நிலையாக நிதானமாக ஏறும். ஒரு வரியைப் பாடி முடிக்க நெஞ்சு நிறையக் காற்று வேண்டும். அல்லியூரார் பாட்டு சின்னது. பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி இருக்கும், பேசி முடித்ததும் முடிந்துவிடும். இரண்டு கட்சிக்காரர்களைக் கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்காரவைக்க மாட்டார்கள். பாயசம் வருவதற்குள் சண்டை வந்துவிடும்.

செண்பகராமனின் மனைவி காந்திமதி எந்தக் கட்சி என்று யாரும் கேட்டதில்லை. அவள் பாட்டுக் கச்சேரிகளுக்குப் போனதில்லை. காலையில் வேலை செய்யும்போது வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுப்பாள். செஞ்சுருட்டி ராகத்தில் ஒரே பாட்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகராமன் வீட்டில் ரசிக நண்பர்கள் கூடியிருந்தார்கள். காந்திமதி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர்களில் ஒருவர் மரியாதைக்குக் கேட்டார்.

"அம்மாவுக்கு யாரைப் பிடிக்கும்?"

காந்திமதி தயங்கினாள். பிறகு, "அல்லியூராரை" என்றாள்.

செண்பகராமன்தான் முதலில் சிரித்தார். "அது பாட்டா? அரிசி களையும்போது முணுமுணுக்கலாம், அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். காந்திமதியும் சிரித்தாள். காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கழித்து, ஒருநாள் காலை செண்பகராமன் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தார். இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு வரும்போது கை நின்றது. ஏதோ ஒன்று குறைகிறது. என்னவென்று தெரியவில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அடுப்படியில் பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது. நாற்பத்திரண்டு வருஷமாக இந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவில் இருந்த ஒன்று இல்லை.

நாலைந்து நாள் காது கொடுத்துப் பார்த்தார். இல்லவே இல்லை.

ஒருநாள் மாலை வகுப்பு முடிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"விருத்தபுரியார் பெரியவரா, அல்லியூரார் பெரியவரா?"

மரகதம் தம்புராவுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். "அஞ்சு வருஷமா நீங்க இதைக் கேட்டதில்லையே. பதில் தெரிஞ்ச மாதிரில்லா இருந்தீங்க."

செண்பகராமன் நடந்ததை எல்லாம் சொன்னார். காப்பி கொண்டுவந்தது, சிரித்தது, இப்போது வீட்டில் பாட்டு நின்றுபோனது.

"நான் சொன்னது தப்புன்னா மன்னிப்புக் கேட்டுருவேன் டீச்சர். சரின்னா என்னத்துக்குக் கேட்கணும்? அதான், எது பெரிசுன்னு முதல்ல தெரியணும்."

"அவங்க பாடுத பாட்டு எது?"

"அல்லியூராரோட செஞ்சுருட்டி. 'கதவருகில் நின்றேனே...'"

"பாடுங்க."

செண்பகராமன் முதல் வரியைப் பாடினார். இரண்டாவது வரிக்கு வாயைத் திறந்தார். வரவில்லை. கண்ணை மூடி யோசித்தார். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். அப்போதும் வரவில்லை.

"நாற்பத்திரண்டு வருஷம் கேட்டிருக்கீங்க" என்றார் மரகதம்.

"காதுல விழுந்திருக்கு டீச்சர்."

மரகதம் உறையின் நாடாவை முடிந்தார். "எனக்கும் அந்தப் பாட்டு பாடம் இல்லை. உங்க வீட்டம்மாகிட்ட பாடம் பண்ணிட்டு வந்து எனக்குச் சொல்லிக்குடுங்க. அதுவரைக்கும் வகுப்பு வேண்டாம்."

செண்பகராமன் வீட்டுக்குப் போய், பாட்டைச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டார்.

"எனக்கா?" என்றாள் காந்திமதி. "எனக்கு அரிசி களையத்தான் தெரியும்."

மறுநாள் கேட்டார். காய்கறிக்காரன் வந்துவிட்டான் என்று எழுந்து போனாள். மூன்றாம் நாள் கேட்கப் பயமாக இருந்தது.

நாலாம் நாள் அவர் பழைய புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து தானாகவே பாடிப் பார்த்தார். முதல் வரியைப் பாடினார். 'நின்றேனே' என்ற இடம் மொட்டையாக இருப்பதாகப் பட்டது. ஐந்து வருஷம் கற்ற வித்தையைக் கொஞ்சம் காட்டினார். குரலை மேலே கொண்டுபோய், சுழற்றி, இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கினார். நன்றாக வந்தது போலிருந்தது. இன்னும் ஒரு சுற்று கூட்டினார்.

அடுப்படி ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அங்க ஏறாதீய."

செண்பகராமன் நிறுத்தினார். "பின்ன?"

"அங்கயே இருங்க."

"இருந்து?"

"சும்மா இருங்க. அது நிக்கித இடம்லா? நின்னேன்னுதானே சொல்லுதான். நின்னவன் எங்க ஏறுவான்?"

அவர் மறுபடி பாடினார். ஏறாமல் பாடினார். பிறகு மெல்ல அந்தக் குரல் அதே வரியை எடுத்தது. மெலிந்த குரல். ஆனால் 'நின்றேனே' என்ற இடத்தில் உண்மையிலேயே ஒரு ஆள் நின்றது.

அன்றைக்கு இரண்டு வரி ஆனது. ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பத்து நாளில் பாடம் முடிந்துவிட்டது என்று செண்பகராமன் மரகதத்திடம் போனார். பாடினார். மரகதம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சுத்தமா இருக்கு. உங்க வீட்டம்மா இப்படியா பாடுவாங்க?"

"கிட்டத்தட்ட."

"மூச்சே விடாம பாடுதீங்களே. ரெண்டு வரியைச் சேர்த்துச் சேர்த்து இழுக்கீங்க. அவங்களும் அப்படித்தானா?"

செண்பகராமன் யோசித்தார். "இல்லை. அவ விட்டு விட்டுப் பாடுவா. வயசாச்சு, மூச்சு வாங்குதுன்னு நெனச்சு நான்தான் சேர்த்துக்கிட்டேன்."

"அந்தக் கிட்டத்தட்ட எனக்கு வேண்டாம். அவங்க பாடுத மாதிரியே கொண்டுவாங்க."

திரும்பிப் போனார்.

அன்று சாயங்காலம் காந்திமதி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். செண்பகராமன் எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டார். அவள் பாட, அவர் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் நிறுத்தினார்.

"ஏளா, புத்தகத்துல 'கண்டும் காணாதிருந்தாயோ'ன்னு போட்டிருக்கு. நீ 'கண்டு கண்டு இருந்தாயோ'ன்னு பாடுதே."

"அப்படியா?" அவள் எட்டிப் பார்த்தாள். "எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

"எங்க கேட்டுச்சு?"

"சுவருக்கு இந்தப் பக்கம்."

அவர் புரியாமல் பார்த்தார். காந்திமதி கீரையை உருவிக்கொண்டே சொன்னாள்.

"எங்க கனகக்காவுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்க ஒரு வாத்தியார் வீட்டுக்கு வருவாரு. பொண்ணு பாக்க வாரவங்க பாடச் சொல்லுவாங்கல்லா, அதுக்கு. எனக்கு அப்போ இழுப்பு. பாடினா மூச்சு முட்டிரும்னு அம்மா என்னை அந்த அறைக்குள்ளயே விட மாட்டா. நான் பக்கத்து அறையில சுவரோரமாப் படுத்துக் கெடப்பேன். அக்கா உங்க ஆளு விருத்தபுரியார் பாட்டெல்லாம் நல்லாப் பாடுவா. நானும் வாய்க்குள்ள கூடவே போவேன். பாதி வரியில மூச்சு போயிரும். இருமல் வந்துரும். 'அங்க என்ன சத்தம்'னு அம்மா வந்துருவா."

ஒரு காம்பை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"ஒருநா அக்காவுக்கு இந்தப் பாட்டு ஆரம்பிச்சாரு. நானும் கூடப் போனேன். ஒரு வரி முடிஞ்சுச்சு. மூச்சு விட இடம் இருந்துச்சு. அடுத்த வரி. அங்கயும் இருந்துச்சு. கடைசி வரைக்கும் போயிட்டேன். இருமலே வரலை. யாரோ ஒரு மனுசன், சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி கெடக்கான்னு தெரிஞ்சு கட்டி வச்சிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். எட்டு வயசுப் பிள்ளை புத்தி, வேற என்ன."

செண்பகராமன் கையிலிருந்த கீரைக் கொத்து அப்படியே இருந்தது.

"எங்கிட்ட ஒருநாளும் நீ சொன்னதில்லையே."

"இதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு?"

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் கீரைக் கொத்தைக் கீழே வைத்தார்.

"காந்தி. அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது நான் சொன்னது..."

"விடுங்க."

"இல்ல, அது..."

"விடுங்கன்னு சொல்லுதேன்லா. ரெண்டாவது வரியைப் பாடுங்க. அங்கதான் நீங்க ஓடுதீய."

அவர் பாடினார். வரி முடிந்ததும் நிறுத்தினார். அவள் மூச்சு விட்டாள். அவரும் விட்டார். அடுத்த வரிக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள்.

மறுநாள் காலை வலது கன்னத்தில் சோப்பு நுரையோடு அவர் நின்றுகொண்டிருந்தபோது அடுப்படியில் பாட்டு கேட்டது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். முழுப் பாட்டும் முடிகிற வரை எடுக்கவில்லை. நுரை காய்ந்து கன்னம் இழுத்தது.

அந்த வாரக் கடைசியில் மறுபடி மரகதத்திடம் போனார்.

பாடினார். இந்த முறை மரகதம் தம்புராவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சுருதி கூட்டினார். ஒவ்வொரு வரியாக அவர் சொல்ல, ஆசிரியை திரும்பச் சொன்னார். 'கண்டு கண்டு இருந்தாயோ' என்று வந்த இடத்தில் மரகதத்தின் விரல் ஒரு கணம் தந்தியில் தயங்கியது. புத்தகத்துச் சொல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருத்தவில்லை. அப்படியே இன்னொரு தரம் பாடினார். தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

"இந்தச் சொல் எப்படி வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

செண்பகராமன் சுவரைப் பற்றிச் சொன்னார். இழுப்பைப் பற்றிச் சொன்னார். மரகதம் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

சொல்லி முடித்ததும் செண்பகராமன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"டீச்சர், ராத்திரி முழுக்க நான் யோசிச்சேன். விருத்தபுரியாரோட பைரவிப் பாட்டு இருக்குல்லா? அதை வரி வரியாப் பிரிக்கலாம். எங்கெங்க மூச்சு விடலாம்னு நான் குறிச்சுக்கூட வச்சிட்டேன். நீங்க மனசு வச்சா அவளுக்குச் சொல்லிக்குடுத்துரலாம். பாவம், மூச்சு போதாமத்தான் அவ இத்தனை வருஷம் அந்தக் கோபுரத்துக்குள்ள போகவே இல்லை. போய்ப் பாத்துட்டான்னா அப்புறம் வேற எதுவும் அவளுக்கு வேண்டியிருக்காது."

சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பாட்டின் ஒவ்வொரு வரியும் அளந்து கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது.

மரகதம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பொறுமையாகப் படித்தார். பிறகு, மெதுவாகவே கேட்டார்.

"அவங்க கேட்டாங்களா?"

செண்பகராமன் தாளைத் திரும்ப வாங்கினார்.

மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.