அறுத்தெறிந்த எண்

“உள்ளே வரமாட்டீங்களா? அப்படி என்ன குத்தம் கண்டீங்க?”

நஞ்சப்பனின் நரைத்த மீசை துடித்தது.

மூன்று மாதம் இழைத்த கூடம். சுவர், தரை, விதானம், எல்லாம் தேக்கு. காட்டை அழிக்காமலே மரம் எடுக்கலாம் என்று ஊருக்குக் காட்டத்தான் அதைக் கட்டினான். நாளை திறப்பு. குரு கால் வைக்காத கூடத்தில் ஊர் கால் வைக்காது.

குரு வேலாத்தாள் சீடனைவிடப் பத்து வயது இளையவள். வாசலோடு நின்றுவிட்டாள்.

“இது எந்த மரம்?”

“தேக்குங்க.”

“உன் பேரைக் கேட்டா ‘மனுசன்’னு சொல்லுவியா? எந்தத் தேக்கு?”

“வயசு பார்த்து முறையா வெட்டினதுங்க. வெட்டின இடத்துல மறுபடி தழைக்குமுங்க.”

“‘முறையா வெட்டினதுங்க, தழைக்குமுங்க!’” இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு, அவன் குரலிலேயே சொன்னாள். “நீ பார்த்தியா?”

“நம்பர் இருந்துச்சுங்க! வெட்டின தடியில ஒண்ணு, காட்டுல நிக்கிற அடிக்கட்டையில அதே நம்பர். சுத்தியால அடிச்சிருப்பாங்க.”

“எங்கே?”

“அசிங்கமா இருந்துச்சு. அறுத்து எறிஞ்சிட்டேன்.”

வேலாத்தாள் வாசலோரம் கிடந்த விறகுக் குவியலைக் காலால் கிளறினாள். ஒரு துண்டை எடுத்து அவன் மார்பில் வீசினாள்.

212.

“செருப்பைப் போடு. நடக்கணும்.”

வழியெல்லாம் பொருமினான். “பாலிஷ் இன்னும் காயல. இந்த அம்மாவுக்கு இன்னைக்குத்தான் காடு பார்க்கணுமா?”

அதையும் அவன் குரலிலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டு அவள் முன்னே போனாள்.

உச்சி வெயிலில் 212 கிடைத்தது. அடிக்கட்டையின் விளிம்பிலிருந்து புதிதாய்த் தழைத்த ஒரு போத்து, அவன் தோள் உயரம். முறம் முறமாய் இலை.

கொழுந்து ஒன்றைக் கசக்கினான். தேக்கின் சாறு பட்டு விரல் சிவந்தது.

அந்தத் துண்டை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினான்.

மறுநாள் முதலில் வந்தவர் ஊர்ப் பெரியவர். “அடடா! கண்ணாடியாட்டம் மின்னுதப்பா!” என்று சுவரைத் தடவிக்கொண்டே வந்தவர், நடுவில் நின்றுவிட்டார்.

பளபளப்புக்கு மத்தியில் ஒரு விறகுத் துண்டு, ஆணியடித்து. அதன் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் வேலாத்தாள்.

“எந்த மடையன்யா இந்த அசிங்கத்தை இங்கே மாட்டினது?”

நஞ்சப்பனின் மீசை துடித்தது.

“செருப்பைப் போடுங்க. நடக்கணும்.”