நீக்கச் சொன்ன சொல்

திருச்சபையைச் சீர்திருத்தக் கிளம்பிய லூத்தர் காலமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஜெர்மனியில் அவர் பக்கம் நின்ற பிரபுக்கள் போரில் தோற்றுப்போயிருந்தார்கள். வென்ற கத்தோலிக்கப் பேரரசரின் மனம் கோணாமல் நடந்துகொள்ள வேண்டிய நிலை பலருக்கு. ஆல்டன்ரோடா என்ற சிறு நகரத்தின் பிரபுவும் அவர்களில் ஒருவர்.

அந்த நகரத்தில் வெண்டெல் க்ரோனர் என்ற இறையியல் ஆசிரியர் இருந்தார். வயது முப்பத்துமூன்று. அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் ஹைன்ரிக். வயது அறுபத்தொன்று.

குருவைவிடச் சீடருக்கு இருபத்தெட்டு வயது அதிகம். ஊரார் சிரித்தார்கள். ஹைன்ரிக் அதைப் பொருட்படுத்தவில்லை. முப்பது வருடம் மடத்தில் துறவியாக இருந்தவர் அவர். பட்டினி கிடந்திருக்கிறார். கல் தரையில் படுத்திருக்கிறார். முழங்காலாலேயே எத்தனையோ கோயில்களின் படிகளை ஏறியிருக்கிறார். மடம் மூடப்பட்டபோது ஒரு போர்வையும் காய்த்துப்போன முழங்கால்களும்தான் மிஞ்சின.

இப்போது படிப்பு முடிந்துவிட்டது. பக்கத்துக் கிராமத்துக்குப் போதகராகப் போகக் காத்திருந்தார். அங்கே அவருக்கு ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். கணப்படுப்பு உள்ள வீடு. வாழ்நாளில் அவருக்கென்று கிடைக்கப்போகும் முதல் வீடு.

அந்தக் குளிர்காலத்தில் அரண்மனையிலிருந்து ஒரு காகிதம் வந்தது. வெண்டெலும் மற்றப் போதகர்களும் இரண்டு வருடம் விவாதித்து எழுதிய உபதேச அறிக்கை அது. நகரத்துத் திருச்சபை எதை நம்புகிறது என்று ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்வது. பிரபுவின் செயலர் அதைப் படித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்.

மூன்றாவது வாக்கியம் இப்படி இருந்தது: ‘மனிதன் விசுவாசத்தினால் மட்டுமே ஆண்டவர் முன் நீதிமான் ஆகிறான்.’

‘மட்டுமே’ என்ற சொல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. வேறெதையும் அவர்கள் தொடவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்கள் அன்றே ஊரைவிட்டுப் போக வேண்டும்.

ஹைன்ரிக் அதை வாங்கி மூன்று முறை படித்தார்.

“குருவே, மிச்ச வாக்கியம் அப்படியே இருக்கிறதே.”

“இருக்கிறது.”

“அதில் பொய் ஏதாவது உண்டா?”

“இல்லை.”

“அப்படியானால் ஒரு சொல்லுக்காகவா இந்தப் பனியில் வீட்டைவிட்டு இறங்குவது? உங்கள் மனைவிக்கு இது ஏழாம் மாதம்.”

வெண்டெல் எழுந்தார். தன் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அந்தக் காகிதத்தோடு வாருங்கள், ஐயா. மருத்துவமனை வரை போய்வருவோம்.”

கூடத்தின் கடைசிக் கட்டிலில் டோமாஸ் என்ற கூலிப்படைச் சிப்பாய் கிடந்தான். குண்டு பாய்ந்த காலை வெட்டி எடுத்திருந்தார்கள். புண் அழுகிவிட்டது. இன்னும் ஓரிரு நாள்தான் என்று பணிப்பெண் வாசலிலேயே சொல்லியிருந்தாள்.

அங்கி அணிந்த இருவரைக் கண்டதும் அவனே பேச ஆரம்பித்தான்.

“ஒரு களஞ்சியத்தை வெளியே தாழ்போட்டுக் கொளுத்தினோம். உள்ளே ஆட்கள் இருந்தது எனக்குத் தெரியும். என்னைப் போன்றவனுக்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.”

வெண்டெல் சீடரைப் பார்த்தார். “படியுங்கள் ஐயா. திருத்தி வந்திருக்கிறதே, அதன்படியே.”

ஹைன்ரிக் படித்தார். “மனிதன் விசுவாசத்தினால் ஆண்டவர் முன் நீதிமான் ஆகிறான்.”

சிப்பாய் யோசித்தான். “கிறிஸ்துவை நம்புகிறேன். அப்புறம்?”

“அப்புறம் என்றால்?”

“அதோடு வேறென்ன வேண்டும்? யாத்திரை போகக் கால் இல்லை. எரிந்தவர்களை எழுப்ப என்னால் ஆகாது. இன்னும் என்ன செய்ய வேண்டும், பெரியவரே? சீக்கிரம் சொல்லுங்கள்.”

ஹைன்ரிக் காகிதத்தைப் பார்த்தார். அதில் பதில் இல்லை.

அந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல. முப்பது வருடம் ஒவ்வொரு விடியலிலும் அவரே கேட்ட கேள்வி. மடத்துத் தலைவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்வார். இன்னும் கொஞ்சம், சகோதரரே. இன்னும் கொஞ்சம்.

திரும்பிக் குருவைப் பார்த்தார். வெண்டெல் ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹைன்ரிக் மறுபடி படித்தார். இம்முறை சிவப்புக் கோட்டின் அடியில் கிடந்த சொல்லையும் சேர்த்து, நிதானமாக.

“மட்டுமேவா?” என்றான் சிப்பாய்.

“மட்டுமே.”

“இன்னொரு தரம் சொல்லுங்கள்.”

“மட்டுமே, மகனே.”

சிப்பாயின் விரல்கள் தளர்ந்தன. அவ்வளவு நேரமும் அவன் தன் சட்டைக்கையை இறுகப் பிடித்திருந்தது அப்போதுதான் ஹைன்ரிக்குக்குத் தெரிந்தது.

மறுநாள் சிப்பாய் இறந்துபோனான். அடக்கத்துக்குப் போனவர்கள் இவர்கள் இருவர் மட்டும்.

திங்கட்கிழமை நகர மன்றத்தில் செயலர் காத்திருந்தார். இனிமையாகப் பேசுகிற மனிதர். போதகர்கள் ஒவ்வொருவராக மேசைக்குப் போனார்கள். சிலர் தலைகுனிந்து கையெழுத்துப் போட்டார்கள். வெண்டெலின் முறை வந்தது. இறகுப் பேனாவைத் தொடாமல், வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

கடைசியாக ஹைன்ரிக்கைக் கூப்பிட்டார்கள்.

“போட்டுவிட்டு வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், பெரியவரே” என்றார் செயலர். சாவி மேசைமேலேயே இருந்தது.

ஹைன்ரிக் பேனாவை மையில் தோய்த்தார். மூன்றாவது வாக்கியத்தைத் தேடினார். அடித்த சொல்லுக்கு மேலே, மடத்தில் பிரார்த்தனைப் புத்தகங்களைப் பிரதியெடுத்த கையால், பெரிய எழுத்தில் ‘மட்டுமே’ என்று எழுதினார். அதன் கீழே தன் பெயரையும் எழுதினார்.

செயலர் காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“இது செல்லாது” என்றார் செயலர்.

“தெரியும். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.”

“இந்த வயதில், இந்தப் பனியில், எங்கே போவீர்கள்?”

“அதை இன்னும் யோசிக்கவில்லை” என்றார் ஹைன்ரிக். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

நண்பகலுக்குள் வெண்டெலின் வீட்டுச் சாமான்கள் ஒரு வண்டியில் ஏறின. மனைவி உர்சுலா முன்னால் அமர்ந்து கடிவாளத்தைப் பிடித்தாள். வடக்கு வாசல் வரை ஜனங்கள் நின்றிருந்தார்கள். தோல் பதனிடுகிறவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மருத்துவமனைப் பணிப்பெண் ஓடிவந்து ஹைன்ரிக்கின் கையில் ஒரு ரொட்டியைத் திணித்தாள். முன்பு சிரித்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.

ஹைன்ரிக் வண்டிக்கு முன்னால் நடந்தார். மடத்தில் முப்பது வருடம் குனிந்தே பழகிய முதுகு அன்று நிமிர்ந்திருந்தது. ஊர் மறைந்து மேடு வந்த பிறகும் அது குனியவில்லை. அதுவே அவருக்கு உறுத்தத் தொடங்கியது.

திரும்பிப் பார்த்தார். மேட்டில் பனிச்சேறு. வண்டி நின்றுவிட்டிருந்தது. வெண்டெல் பின்சக்கரம் ஒன்றில் தோளைக் கொடுத்து நின்றார்.

“குருவே, ஒரு கேள்வி.”

“கேளுங்கள், ஐயா.”

“இன்று நான் செய்தது நற்கிரியைதானே?”

“சந்தேகமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பெருமையாக இருந்தது.”

“அதுதான் பயமாக இருக்கிறது. பட்டினி கிடந்தபோதெல்லாம் இப்படி ஒரு நிறைவு வந்ததில்லை. இதைக் கொண்டுபோய் ஆண்டவர் முன்னால் வைக்க வேண்டும் போலிருக்கிறது. வைக்கலாமா?”

வெண்டெல் மூச்சு வாங்கிக்கொண்டார். நெற்றியைப் புறங்கையால் துடைத்தார்.

“அவருக்கு அது தேவைப்படாது, ஐயா. அதை இந்தப் பக்கம் கொண்டு வாருங்கள். இன்னொரு சக்கரத்துக்குத்தான் ஆள் இல்லை.”