நிரம்பாத கார்டு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் சிரிப்பு. ஆனால் கடைசியில்தான் வரும். நடுவில் யாராவது சிரித்தால் அது கணக்கில் சேராது.

“டீச்சர்மா, மெமரி கார்டு அறுபத்துநாலு ஜிபி வாங்கவா, இருநூத்தம்பத்தாறு வாங்கவா?”

கேட்டவர் மரியதாஸ். வயது ஐம்பத்தொன்று. கேட்கப்பட்டவள் பல்கீஸ். வயது இருபத்தாறு. சனிக்கிழமை தோறும் தன் வீட்டு மாடியறையில் கேமரா வகுப்பு எடுப்பவள்.

“கடைக்காரர் என்ன சொன்னார் அண்ணே?”

மரியதாஸ் கடைக்காரராகவே மாறி மூக்கால் பேசினார். “‘சார், அறுபத்துநாலெல்லாம் இப்ப பச்சப்புள்ளகூட வாங்கறதில்ல சார்!’”

“உங்க மருமகன்?”

இந்தக் குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. “‘ஒரேயடியா ஐநூத்திப் பன்னெண்டுக்குப் போயிடுங்க மாமா.’”

பல்கீஸ் சிரித்தாள். இது அந்தச் சிரிப்பு இல்லை.

“இப்ப உங்க குரல்ல சொல்லுங்க. எதுக்கு இவ்ளோ பெருசு?”

அவர் குரல் இறங்கியது.

“பயம் டீச்சர்மா. மக கல்யாணத்துல தாலி கட்டுற நேரம் பார்த்து கார்டு ஃபுல்லாயிடுச்சு. அப்புறம் பார்த்தா, வாசல்ல கட்டின வாழை மரத்தையே முந்நூறு எடுத்து வச்சிருக்கேன்.”

“இப்ப எதை எடுக்கப் போறீங்க?”

“நாங்க பொறந்து வளர்ந்த ரயில்வே குவார்ட்டர்ஸ். இடிக்கப் போறாங்க. திங்கக்கிழமை மதியம் வரைக்கும்தான் உள்ள விடுவாங்களாம். நாளைக்கே போறேன். இந்தத் தடவை ஒண்ணுகூட விட்டுடக் கூடாது. நிரம்பாத கார்டா சொல்லுங்க.”

பல்கீஸ் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கறுப்புக் கார்டை எடுத்தாள். அவர் கேமராவில் தானே செருகினாள். மெனுவுக்குள் போய் எதையோ மாற்றினாள். பின்பக்கத் திரையை மறைத்துக் கறுப்பு டேப் ஒட்டினாள்.

“இது நிரம்பவே நிரம்பாது.”

“எத்தனை ஜிபி?”

“நிரம்பாது. டேப்பை மட்டும் பிரிக்காதீங்க. துளையில கண்ணை வச்சுப் பார்த்தே எடுங்க. முடிஞ்சதும் நேரா இங்க வாங்க.”

ஞாயிறு முழுக்க மரியதாஸ் எடுத்தார். கண் வைக்கும் துளையின் மூலையில் ஏதோ மின்னிக்கொண்டே இருந்தது. பேட்டரியாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

சிரிப்பு இன்னும் வரவில்லை.

சாயங்காலம் மாடிப்படியை மூச்சு வாங்க ஏறினார்.

“ஆயிரத்துக்கு மேல இருக்கும் டீச்சர்மா. நிரம்பவே இல்ல!”

“என்னென்ன எடுத்தீங்க?”

“கம்ப்யூட்டர்ல போட்டே பார்த்துடலாமே.”

“முதல்ல சொல்லுங்க.”

மரியதாஸ் கேமராவை மடியில் வைத்துக்கொண்டார்.

“அடுக்களை வாசல்ல ஒரு ஆணி. அப்பா இன்ஜின் டிரைவர். டீசல் வாடை அடிக்கிற சட்டையை அதுலதான் மாட்டணும். ‘அதோட உள்ள வந்தீங்க, சோறு கிடையாது!’”

அது அவர் அம்மாவின் குரல். அது தன் தொண்டையில் இத்தனை வருஷம் இருந்தது அவருக்கே தெரியாது. கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

“ஜன்னல்ல ஒரு கம்பி வளைஞ்சிருக்கும். தங்கச்சி ஸ்டெல்லா தலையை விட்டு மாட்டிக்கிட்டா. அப்பா விளக்கெண்ணெய் தடவித் தடவி இழுக்கறாரு. ‘காதை விட்டுட்டு எடுத்துடாதீங்கப்பா!’ன்னு அவ அலறுறா.”

“அப்புறம்?”

“கூட்ஸ் வண்டி போனா அலமாரி டம்ளரெல்லாம் கிணுகிணுக்கும். அம்மா நடுவுல துணி சொருகி வைப்பாங்க. இன்னைக்கும் வண்டி போச்சு. அலமாரி காலி. சத்தமே இல்ல. அப்படியே நின்னுட்டேன். அதை எடுக்கக்கூடத் தோணல.”

“அப்புறம்?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

“அவ்வளவுதான் டீச்சர்மா. மத்ததெல்லாம் சுவரு.”

“கார்டை வெளியே எடுங்க.”

எடுத்தார். திருப்பினார். அடி விளிம்பில் ஒரு பிளவு. நகத்தளவு கார்டைச் செருகும் இடம் அது. காலியாக இருந்தது. நாள் முழுக்கக் கேமராவுக்குள் இருந்தது கார்டு இல்லை. கார்டைப் போட்டுக்கொள்ளும் வெறும் உறை. கார்டு இல்லாமலும் ‘கிளிக்’ ஆகும்படிதான் முந்தின நாள் அவள் மெனுவில் மாற்றியிருந்தாள்.

“டீச்சர்மா… இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே!”

“அதான் நிரம்பல.”

மரியதாஸின் முகம் சுருங்கிப்போனது.

பல்கீஸ் இழுப்பறையைத் துழாவி, நகத்தளவு கார்டு ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தாள். பழசு. மேலே இருந்த எண் தேய்ந்து போயிருந்தது.

“ஆணி, கம்பி, அலமாரி. நாளைக்கு மதியம் வரைக்கும் வீடு இருக்குல்ல அண்ணே?”

மரியதாஸ் தேய்ந்த எண்ணை உற்றுப் பார்த்தார். எத்தனை ஜிபி என்று கேட்க வாயைத் திறந்தார்.

சிரிப்புதான் வந்தது.