உடைந்த அப்பளம்

ஒரு நாள் காலையில் சிவக்கொழுந்து அடிகளின் மடத்து வாசலில் துணி மூட்டையோடு வந்து நின்றான் அவருடைய சீடன் மருதவாணன். உள்ளே வரச் சொன்னார் அடிகள். அவன் வரவில்லை. வாசற்படியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"இனிமே வீட்டுக்குப் போகமாட்டேன், சுவாமி. இங்கேயே இருந்துடறேன்."

உள்ளே கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அடிகள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன ஆச்சு?"

"நேத்து குயிலி சட்டை மாட்டிக்கமாட்டேன்னு உருண்டு புரண்டு அழுதா. என் கை ஓங்கிடுச்சு. அடிக்கலை. ஆனா அடிச்சிருப்பேன். ரெண்டரை வயசுக் குழந்தையை!"

"ம்."

"பொறுமை வந்தப்புறம் வீட்டுக்குப் போறேன். அதுவரைக்கும் என்னைத் துரத்தாதீங்க."

"ம்."

"ம்னா என்ன அர்த்தம்? சேர்த்துக்குவீங்களா, மாட்டீங்களா?"

மருதவாணனுக்கு அழுகை வந்துவிட்டது. மூட்டையை வீசினான். அது உருண்டு தண்ணீர்ச் செம்பருகே போய் நின்றது. அடிகள் செம்பை மட்டும் சத்தமில்லாமல் தள்ளி வைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"பசிக்குது," என்றார் அடிகள். "உங்க வீட்டில இன்னிக்கு என்ன சமையல்?"

குருவே வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி மறுப்பது? மருதவாணன் எழுந்தான். மூட்டையை அடிகளே கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அடிகளைக் கண்டதும் மருதவாணனின் மனைவி பூங்கோதை பரபரவென்று இலை போட்டாள். குரு முதல் கவளம் எடுத்த பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். அதுவரை குயிலி பொறுக்க வேண்டுமே! அவள் கையில் கொடுக்க ஓர் அப்பளத்தை எடுத்தான் மருதவாணன். சுடுமே என்று அதை இரண்டாக உடைத்துக் கொடுத்தான்.

வந்தது வினை.

"ஒட்ட வை!" என்றாள் குயிலி.

"வேற தரேன், கண்ணு."

புது அப்பளம் வந்தது. வந்த வேகத்தில் மூலைக்குப் பறந்தது.

"இது வேணாம்! அதை ஒட்ட வை!"

தரையில் மல்லாந்து படுத்துக் காலை உதைத்தாள்.

மருதவாணனுக்கு மடத்தில் கற்ற பாடம் நினைவு வந்தது. "குயிலி, மூச்சை மெதுவா உள்ளே இழு. மெதுவா வெளியே விடு..."

குழந்தை மூச்சை நன்றாகவே உள்ளே இழுத்தது. பிறகு விட்ட அலறலில் கூரைமேல் இருந்த புறா பறந்து போயிற்று. பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"சுவாமி முன்னாடி இப்படியா!" மருதவாணனின் கை மேலே எழும்பியது.

"மருதா."

கை அப்படியே நின்றது. அடிகள் இலையை விட்டு எழுந்திருந்தார். ஒரு கவளம்கூட எடுக்காமல் குரு எழுந்துவிட்டாரே!

அடிகள் குழந்தைக்கு ஒரு கை தூரத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். உதைக்கும் காலுக்கு எட்டாதபடி ரசப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தார். மருதவாணனையும் உட்காரும்படி கண்ணால் காட்டினார். அவன் உட்கார்ந்தான்.

"உடைஞ்சு போச்சு!" என்று கத்தினாள் குயிலி.

"ம். உடைஞ்சு போச்சு," என்றார் அடிகள்.

"ஒட்ட வை!"

"ஒட்டாதே, கண்ணு."

அதற்கு இன்னொரு பாட்டம் அழுகை. இலையில் சோறு ஆறியது. யாரும் எழுந்து போகவில்லை.

அழுகை தேய்ந்து விசும்பலாயிற்று. குயிலி எழுந்தாள். அடிகளைச் சுற்றிக்கொண்டு போய் அப்பாவின் மடியில் ஏறி, ஈர முகத்தை அவன் சட்டையில் தேய்த்தாள். அவன் கை தானாக அவள் முதுகைத் தடவிக் கொடுத்தது. சற்று முன் ஓங்கிய அதே கை.

கொஞ்ச நேரத்தில் உடைந்த அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒரு துண்டு அவன் வாய்க்குள்ளும் திணிக்கப்பட்டது.

அதை மென்றுகொண்டே கேட்டான். "என்ன மந்திரம் போட்டீங்க, சுவாமி?"

அடிகள் இலைக்குத் திரும்பி ஆறிய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"காலையில உனக்குப் போட்டதுதான்."

பூங்கோதை நிமிர்ந்தாள். அவள் பார்வை கதவோரம் இருந்த துணி மூட்டைக்குப் போயிற்று.

"காலையில இவருக்கு என்ன ஆச்சு, சுவாமி?"

மருதவாணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணுமில்லைம்மா," என்றார் அடிகள். "இவனுக்கும் ஒரு அப்பளம் உடைஞ்சு போச்சு."