அரை நிமிஷக் குளிர்

அந்த வாரம் நாலாவது தடவையாக டிரான்ஸ்பார்மரில் பியூஸ் கட்டிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார் லைன்மேன் பிச்சாண்டி. பொறியாளர் ஏகாம்பரம் காகிதத்தை ஆட்டினார்.

"போன வருஷம் ஊர் இழுத்தது எட்டு லட்சத்து நாற்பதாயிரம் யூனிட். இந்த வருஷம் வெறும் தொள்ளாயிரத்து இருபது! புது டிரான்ஸ்பார்மர் எதுக்குய்யா? ஏசியைப் போடு."

இந்த வருஷக் கணக்கு மெகாவாட் மணியில் இருந்தது. ஒரு மெகாவாட் மணி என்றால் ஆயிரம் யூனிட். வாதாடப் பிச்சாண்டிக்குத் தெம்பில்லை. ஏசியைப் போட்டார், அரை நிமிஷத்தில் அணைத்தார்.

"ஏன்யா?"

"ஊர்த் தேவை ஆயிரத்தில் ஒரு பங்காயிடுச்சே ஐயா. உங்க எட்டு மணி நேர ஏசிக்கும் அதே கணக்கு."

வியர்த்து வழிய, ஏகாம்பரம் மூன்று சைபர் சேர்த்தார். தேவை ஒன்பதரை சதவீதம் கூடியிருந்தது. புது டிரான்ஸ்பார்மருக்குக் கையெழுத்துப் போட்டார்.

"இப்பவாவது போடுய்யா."

போட்டார். டப்பென்று ஊரே அணைந்தது. பிச்சாண்டி பெருமூச்சோடு ஏணியைத் தூக்கினார்.